கஸ்டம் புல்லட்டை நம்பி ஓட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஸ்டம் என்றால் பட்டறையில் கொடுத்து நம் விருப்பப்படி மாற்றிச் செய்த வண்டி. என்னிடம் 1998 மாடல் வார்ப்பிரும்பு என்ஜின் ராயல் என்ஃபீல்டு புல்லட் ஒன்று இருக்கிறது. சேசிஸில் கை வைக்காமல் மட்கார்டு, சீட், ஹேண்டில்பார், ஒயரிங் ஆகியவற்றை மட்டும் மாற்றி ஒற்றை சீட் பாபராக, அதாவது கூடுதல் சமாசாரங்களைக் கழற்றி மட்கார்டைக் குறுக்கிய வண்டியாகச் செய்தது. பதினோரு வருடமாக ஓட்டுகிறேன். பெட்ரோல் போட நின்றாலும் டீ குடிக்க நின்றாலும் யாராவது ஒரு தம்பி பக்கத்தில் வந்து, முதலில் எவ்வளவு செலவாச்சு என்று கேட்பார். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, இதை நம்பி வெளியூர் எடுத்துட்டுப் போகலாமா?" அதையும் அதன் பின்னால் வரும் கேள்விகளையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், நம்பலாமா?

நம்பலாம். ஆனால் செய்தவர் எங்கெல்லாம் கை வைத்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனி ஒரு மாடலை விற்பனைக்கு விடும் முன் பல வண்டிகளைப் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டி, எங்கே உடைகிறது என்று பார்த்துத் திருத்துகிறது. பட்டறையில் செய்வது ஒரே ஒரு வண்டி. வாங்கியவர் ஓட்டுவதுதான் அதற்குச் சோதனை ஓட்டம். அதனால் பழையதும் புதியதும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு வரும்: ஒயர் ஒட்டிய இடம், வெல்டு வைத்த இடம், லேத்தில் கடைந்த புஷ் உட்கார்ந்த இடம். என்ஜினைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். நான் இந்த ஒட்டுகளைப் பற்றிக் கேளுங்கள் என்பேன்.

பழைய புல்லட் என்ஜினே எண்ணெய் ஒழுகும் என்கிறார்களே. அதை வைத்து கஸ்டம் செய்யலாமா?

செய்யலாம். கஸ்டம் செய்வதற்கு அதைவிடப் பொறுமையான என்ஜின் கிடைப்பது கடினம். 70 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி. என்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி. பிளாட்டினம் பாயின்ட், கார்புரேட்டர் இரண்டும் சரியாக இருந்தால் ஓடும். எந்த ஊரிலும் ஒரு வயதான மெக்கானிக் அதைக் காது கொடுத்துக் கேட்டே சரி செய்துவிடுவார். ஒழுகலுக்குப் பாதிக் காரணம் கேஸ்கெட் உட்காரும் முகம் கோணலாக இருப்பதும், என்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்துக்கொள்வதும். கஸ்டம் செய்யும்போது பிரீதர் குழாயை அழகுக்காக மடித்துக் குறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் என்ஜின் மூச்சு விட முடியாமல் வழியெங்கும் எண்ணெயைத் தள்ளுகிறது.

இந்த என்ஜினுக்கு அதிர்வு அதிகம். அதிர்வைக் குறைக்க எதிர்ப்பக்கம் சுற்றும் எடையான பேலன்சர் இதில் கிடையாது. 2009இல் கிளாசிக் 350 வந்தபோது என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே உறைக்குள் வந்தன, எண்ணெய் ஒழுகல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதிலும் பேலன்சர் இல்லை. 2020இல் மீட்டியர் மாடலோடு வந்த 349 சிசி ஜே வரிசை என்ஜினில்தான் 350க்கு அது கிடைத்தது. ஆகவே பழைய என்ஜினை வைத்துச் செய்யும் வண்டியில் ஒவ்வொரு இடத்திலும் தளராமல் பிடிக்கும் நைலாக் நட்டு அல்லது மரையில் தடவும் லாக்டைட் பசை வேண்டும், நம்பர் பிளேட் போல்ட் உட்பட.

முதலில் எது கெடும்?

ஒயரிங். என் அனுபவத்தில் மட்டுமல்ல, நான் பார்த்த கஸ்டம் வண்டிகள் நின்ற சமயங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்.

என் வண்டியையே சொல்கிறேன். செய்து கொடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தேன். இரவு எட்டரை மணி, திண்டிவனம் தாண்டி ஒரு யூ-டர்ன். ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பிய அந்த நொடியில் ஹெட்லைட் அணைந்தது, என்ஜினும் நின்றது. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே விலகிப் போனது. தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு வந்தால் பிளாஸ்டிக் கருகிய வாடை. செல்போன் வெளிச்சத்தில் டாங்கைத் தூக்கிப் பார்த்தேன். ஒயர்கள் எல்லாம் ஒரே கொத்தாக, சேசிஸின் கழுத்துக்கும் (ஹேண்டில் தண்டு செருகியிருக்கும் குழாய்) ஹேண்டில் முட்டி நிற்கும் இரும்புக்கும் நடுவே போயிருந்தன. திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த இரும்பு கொத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்திருக்கிறது. ஒரு சிவப்பு ஒயரின் தோல் அரை அங்குலம் உரிந்து உள்ளே தாமிரம் பளிச்சென்று தெரிந்தது.

அதைவிட அதிர்ச்சி ஃபியூஸைப் பார்த்தபோதுதான். மொத்த வண்டிக்கும் ஒரே ஃபியூஸ், 30 ஆம்பியர். ஒயர் உருகியிருக்கிறது, ஃபியூஸ் அப்படியே இருக்கிறது. ஃபியூஸ் என்பது ஒயர் உருகும் முன் தான் உருக வேண்டிய பொருள். அந்தச் சிறிய ஒயருக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்திருந்தால் ஹெட்லைட் மட்டும் அணைந்திருக்கும், என்ஜின் நின்றிருக்காது, நானும் நடுரோட்டில் நின்றிருக்க மாட்டேன்.

அந்த ஒயரிங்கை முழுவதும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தேன். ஹெட்லைட், ஹார்ன் மற்றும் பிரேக் லைட், இக்னிஷன், சார்ஜிங் நான்குக்கும் தனித்தனி ஃபியூஸ். முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கிரிம்ப் செய்து, அதாவது முனையை இடுக்கியால் அழுத்திப் பிடித்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டது. கழுத்தருகே ஒயர் ஒரு வளையம் போல் தளர்வாக இருக்கும், ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இழுக்காது. எர்த் ஒயரைப் பெயின்ட் மேல் வைக்காமல் சுரண்டிய இரும்பின் மேல் வைத்து முறுக்கியிருக்கிறேன். இன்றுவரை வழியில் நிற்கவில்லை.

இன்னொரு இடம் ரெகுலேட்டர், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அளவோடு வைக்கும் பெட்டி. கம்பெனி அதைக் காற்று படும் இடத்தில் வைத்திருக்கும். "பார்க்க அசிங்கமாக இருக்கிறது" என்று சீட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். அது சூட்டிலேயே செத்துப்போகும். போகும்போது சில சமயம் பேட்டரியையும் கூட்டிக்கொண்டு போகும்.

முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை நீட்டி, சாப்பர் வகை வண்டி செய்ய ஆசை. ஓட்ட முடியுமா?

ஓட்டலாம், கணக்குப் போட்டுச் செய்தால். ஹேண்டில் தண்டு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம் ரேக். ஹேண்டில் தண்டின் கோட்டைத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம் டிரெயில். வண்டி நேராகப் போக விரும்புவதற்குக் காரணம் இந்த டிரெயில்தான்.

ஒரு கணக்குப் பாருங்கள். 19 அங்குல முன் சக்கரம், டயரோடு சேர்த்து ஆரம் சுமார் 320 மி.மீ. ஹேண்டில் தண்டுக்கும் ஃபோர்க்குக்கும் இடையே 50 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். ரேக் 28 டிகிரி என்றால் டிரெயில் ஏறக்குறைய 113 மி.மீ. வரும். வேறு எதையும் தொடாமல் ரேக்கை 40 டிகிரி ஆக்கினால் டிரெயில் 203 மி.மீ. ஆகிவிடும். நேர்ரோட்டில் 80இல் போகும்போது தேர் போல நிற்கும். ஆனால் பார்க்கிங்கில் திருப்பினால் முன்சக்கரம் தொப்பென்று ஒரு பக்கம் விழும், சிக்னலில் கை வலிக்கும். இதற்கு மருந்து, ஃபோர்க்கைப் பிடிக்கும் தகடுகளின் கோணத்தையும் தள்ளலையும் மாற்றி டிரெயிலைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. "எவ்வளவு டிரெயில் வரும்?" என்று பட்டறையில் கேட்டுப் பாருங்கள். பதில் ஒரு எண்ணாக வந்தால் பேச்சைத் தொடருங்கள். "சூப்பரா இருக்கும் பாஸ்" என்று வந்தால் அந்த வேலையை அங்கே கொடுக்க வேண்டாம்.

நீளமான ஃபோர்க் நெம்புகோல் போல வேலை செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு பள்ளமும் கழுத்தையும் அதற்குள் இருக்கும் பேரிங்கான கோன்செட்டையும் கூடுதலாக அடிக்கும்.

வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயின்ட் அடிக்கும் முன் பார்க்க வேண்டும். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. பெயின்ட் அடித்த பிறகு வெல்டைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியாது. சேசிஸில் வெல்டு வைத்த இடத்தைக் கிரைண்டரில் வழவழவென்று தேய்த்து, மேலே பட்டி போட்டு, பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். குழாய் பிறந்ததிலிருந்தே ஒற்றைக் குழாய் மாதிரி அழகாக இருக்கும். தேய்த்ததில் வெல்டின் பலமும் போயிருக்கும். கீழே விரிசல் ஓட ஆரம்பித்தாலும் பட்டி அதை மூடி வைத்திருக்கும்.

நல்ல வேலைக்காரர் இரண்டு குழாய்களை முகத்தோடு முகம் வைத்து ஒட்ட மாட்டார். உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் இன்னொரு துண்டுக் குழாயைச் செருகுவார், வெளிக் குழாயில் இரண்டு மூன்று துளை போட்டு அந்தத் துளை வழியாகவும் வெல்டு நிரப்புவார், பிறகுதான் சுற்றி வெல்டு வைப்பார். முதன்முதலில் இதைப் பார்த்தபோது ஒரு பெரியவர் துண்டுக் குழாயை லேத்தில் கடைந்து, கையால் தள்ளினால் போகாமல் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் மட்டும் போகும் அளவுக்குக் கொண்டுவந்தார். அதற்கே அரை நாள் ஆனது. அந்த அரை நாளுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

பின்னால் அகலமான டயர் போட்டால்?

செயின் கோடு விலகும். டயர் அகலமானால் செயின் டயரில் உரசும், எனவே பின் சக்கர ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல் சக்கரம்) வெளியே தள்ள வேண்டும். அதற்கேற்ப கியர் பாக்ஸ் பக்க ஸ்ப்ராக்கெட்டையும் அதே அளவு தள்ள வேண்டும். கியர் பாக்ஸ் தண்டில் ஸ்ப்ராக்கெட் எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவுக்குப் பேரிங் மேல் பக்கவாட்டுச் சுமை கூடும். கொஞ்சம் அகலம் பரவாயில்லை. 350இன் 20 குதிரைத்திறனுக்கு 200 மி.மீ. அகல டயர் போடுவது எனக்கு உடன்பாடில்லை. வண்டி திரும்ப மறுக்கும், மைலேஜ் போகும், கிடைப்பது பின்பக்கத் தோற்றம் மட்டும்.

பின் ஷாக் இல்லாத வண்டி?

நம் சாலைகளுக்கு வேண்டாம். இடுப்பு வலி ஒரு பக்கம் இருக்கட்டும். ஷாக் வாங்க வேண்டிய அடியை மட்கார்டு கம்பி, பேட்டரிப் பெட்டி, டாங்க் மவுன்ட் எல்லாம் வாங்கும். ஒவ்வொன்றாக விரிசல் விடும்.

புதிய பிஎஸ்6 வண்டியைக் கஸ்டம் செய்யலாமா?

பிஎஸ்6 என்பது புகை அளவுக்கான விதி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு அதன்படி வந்த வண்டிகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், ஆக்சிஜன் சென்சார், வினையூக்கி வைத்த சைலன்சர் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டினால் இசியு என்ற கணினிப் பெட்டி போட்டு வைத்த கணக்கு தவறிப்போகும், சூடு ஏறும், எச்சரிக்கை விளக்கு எரியும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இன்னும் நுணுக்கம். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். இரண்டு சக்கரத்திலும் சென்சார் உள்ள வண்டியில் முன் சக்கரமும் பின் சக்கரமும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பிரேக் அழுத்தத்தை அது விடுகிறது. நீங்கள் ஒரு சக்கரத்தின் அளவை மட்டும் மாற்றினால் அந்த ஒப்பீடே தப்பாகிவிடும். மழையில் அவசர பிரேக் பிடிக்கும்போது உங்களுக்கு அது தெரியவரும். புதிய வண்டி என்றால் சீட், ஹேண்டில்பார், மட்கார்டு, பெயின்ட் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலேயே அருமையான வண்டிகள் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கஸ்டம் பைக் கம்பெனிகளே இருந்தனவே. அவர்கள் வண்டிகள் எப்படி?

இந்த விஷயத்தில் நாம் கற்றுக்கொள்ள நிறைய அங்கேதான் இருக்கிறது. 1990களில் ஹார்லி டேவிட்சன் வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலை. அந்த இடைவெளியில் பல கம்பெனிகள் முளைத்தன. கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் 1994இல் பிக் டாக் தொடங்கியது. கோல்மன் விளக்குகளுக்குப் பேர்போன குடும்பத்தைச் சேர்ந்த ஷெல்டன் கோல்மன் தொடங்கியது. அடுத்த வருடம் டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த்தில் அமெரிக்கன் அயர்ன் ஹார்ஸ். இவர்கள் ஒன்றிரண்டு வண்டிகள் செய்த பட்டறைகள் அல்ல. தொழிற்சாலை வைத்து ஆயிரக்கணக்கில் செய்தவர்கள்.

என்ஜினை அவர்கள் பெரும்பாலும் வெளியே வாங்கினார்கள். விஸ்கான்சினில் வியோலா என்ற சிற்றூரில் இருந்த எஸ் அண்டு எஸ் என்ற கம்பெனியின் வி-ட்வின் என்ஜின்கள் (இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் நிற்பவை) இரண்டு கம்பெனி வண்டிகளிலும் இருந்தன. 1958இல் தொடங்கிய, நல்ல பெயருள்ள கம்பெனி அது. அந்த என்ஜினுக்கு இன்றும் பாகம் கிடைக்கும், பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

அப்புறம் 2008 பொருளாதார வீழ்ச்சி வந்தது. வீட்டை அடமானம் வைத்து முப்பதாயிரம் டாலர் பைக் வாங்கியவர்கள் காணாமல் போனார்கள். அயர்ன் ஹார்ஸ் அந்த வருடமே மூடியது, பிக் டாக் தொழிற்சாலை 2011இல் நின்றது. வண்டிகள் மட்டும் சாலையில் இருந்தன. பிக் டாகின் பிந்தைய மாடல்களில் ஃபியூஸ், ரிலே வேலைகளை ஒரே மின்னணுப் பெட்டி செய்தது. அந்தப் பெட்டி அந்த வண்டிக்கு மட்டுமே செய்யப்பட்டது. கம்பெனி போன பிறகு அந்தப் பெட்டி பழுதானால், என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டி நிற்கும். உரிமையாளர்கள் அந்தப் பெட்டியைப் பழுதுபார்ப்பவரைத் தேட வேண்டியதாயிற்று, சிலர் பெட்டியைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஒயரிங் போட்டார்கள்.

எனவே நம் ஊர் பட்டறையில் செய்யும்போதும் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, "இந்தப் பட்டறை நாளை இல்லையென்றால் இது எங்கே கிடைக்கும்?" என்று கேளுங்கள். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ கிடைக்கும் என்றால் நல்லது. லேத்தில் தனியாகக் கடைந்தது என்றால் அதன் அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு சிலிண்டர் புல்லட் செய்திருக்கிறார்களாமே?

ஆமாம், எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஆஸ்திரேலியாவில் பால் கார்பெரி என்பவர் இரண்டு 500 புல்லட் சிலிண்டர்களை 55 டிகிரி கோணத்தில் சேர்த்து 1000 சிசி வி-ட்வின் செய்தார். பின்னர் அந்த முயற்சி சத்தீஸ்கரில் பிலாய் நகருக்கு வந்தது. அமெரிக்காவில் ஒஹாயோவில் இருந்த அனிகேத் வர்தன் என்ற இந்திய வடிவமைப்பாளர் மரத்தில் தானே அச்சு செதுக்கி, சிலிண்டர்கள் உட்காரும் அடி உறையான கிராங்க் கேஸை வார்த்து, 700 சிசி மஸ்கெட் என்ஜினை உருவாக்கினார்.

இரண்டுமே சிலிண்டர், ஹெட், பிஸ்டன் போன்றவற்றுக்குக் கடையில் கிடைக்கும் புல்லட் பாகங்களை வைத்துக்கொண்டு, நடுப்பகுதியை மட்டும் புதிதாகச் செய்தவை. முந்தைய பதிலில் சொன்ன பாடத்தை என்ஜினுக்குள்ளேயே நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள்.

போலீஸ், ஆர்டிஓ தொல்லை வருமா?

வரலாம், வந்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான் இருக்கும். கம்பெனி தந்த அமைப்பிலிருந்தும் ஆர்.சி. விவரத்திலிருந்தும் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. நிறம் மாற்றலாம், ஆனால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குச் சத்த வரம்பு 80 டெசிபல்; சைலன்சரைத் திறந்து விட்டால் அதைத் தாண்டிவிடும்.

அபராதத்தைவிட நான் பயப்படுவது இன்சூரன்ஸுக்கு. சேசிஸை வெட்டிய வண்டி விபத்தில் சிக்கினால் கிளெய்மை மறுக்கக் கம்பெனிக்குக் காரணம் கிடைத்துவிடும். அடிபட்டவர் உங்கள் பின்னால் உட்கார்ந்திருந்த தம்பியாகவோ மனைவியாகவோ இருக்கலாம்.

யாரிடம் கொடுப்பது?

மும்பையில் வர்டென்சி, ஜெய்ப்பூரில் ராஜ்புதானா கஸ்டம்ஸ், பெங்களூரில் புல்லட்டீர் கஸ்டம்ஸ் என்று இந்த வேலையால் பெயர் பெற்றவர்கள் உண்டு. உள்ளூரிலும் நல்ல கைகள் இருக்கின்றன. பெயரைப் பார்ப்பதைவிட, அந்தப் பட்டறைக்காரர் மூன்று வருடத்துக்கு முன் செய்த வண்டியைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். புது வண்டியின் போட்டோ எதையும் சொல்லாது. பழைய வண்டியில் ஒயர் கொத்து எங்கே போகிறது, மட்கார்டு கம்பியின் அடியில் துரு கோடு இருக்கிறதா, ஓட்டுபவர் டூல் பாக்ஸில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். டேப் சுருளும் ஒயர் துண்டும் வைத்திருந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒயரிங் படத்தைக் கையால் வரைந்தாவது கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்குபவர் அதை வரையவே இல்லை என்று அர்த்தம்.

புது வண்டி கைக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

முதல் 100 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயின்டில் நட்டிலிருந்து சேசிஸ் வரை ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று பார்த்த உடனே தெரியும். 500 கிலோமீட்டரில் டாங்கைக் கழற்றி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒயர் எங்காவது உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என் வண்டிக்கு இதைச் செய்ய இருபது நிமிடம் ஆகும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் இன்னும் செய்கிறேன்.